கரண்டி நிற்கிற டீ

மார்ச் 3, செவ்வாய்

இன்று மானம் போனது. போவதற்கு இன்னும் மிச்சம் இருந்ததே என்று ஒரு சின்னச் சந்தோஷம்.

இந்த முதியோர் இல்லத்துக்குப் புதிதாக ஒரு அம்மாள் வந்திருக்கிறார். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கக் கற்றுக்கொடுக்கிற வேலையாம். தொண்டை டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, "ஐயா, இந்தக் கெட்டி டீ உங்களுக்குப் பிடிச்சிருக்கா? உங்களுக்கு எப்படிக் குடிக்கணும்னு ஆசை?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதில்: "மகளைக் கேட்டுச் சொல்றேன்."

வயது எழுபத்தெட்டு. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினவன். ஒவ்வொரு நடைக்கும் அறுபது பேர் உயிரை என் காலடியில் வைத்துவிட்டுத் தூங்கினார்கள்.

மார்ச் 4, புதன்

பக்கவாதத்துக்குப் பிறகு என் தொண்டை பாதி நாள் லீவில் இருக்கிறது. தண்ணீராக எதைக் குடித்தாலும் வழி தவறி நுரையீரலுக்குப் போய்விடலாமாம். அதனால் டீ, தண்ணீர், எல்லாவற்றிலும் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கித் தருகிறார்கள். கரண்டியை நட்டால் நிற்கிறது. குடிப்பதா, சுவரில் போஸ்டர் ஒட்டுவதா? எட்டு மாதமாக இதே யோசனை.

இதை முடிவு செய்தது என்னைப் பற்றிய ஒரு கூட்டத்தில். மகள், தலைமை நர்ஸ், மேலாளர் எல்லோரும் உள்ளே. நான் வெளியே, மீன் தொட்டிக்கு எதிரே, சக்கர நாற்காலிக்கு பிரேக் போட்டு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தேன். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. எங்கள் இரண்டு பேரில் அதற்காவது அந்த உரிமை இருந்தது. தொட்டிக்கு மேலே ஒரு பலகை: 'முடிவு உங்களுடையது, துணை எங்களுடையது.' உட்கார்ந்திருக்கிறவன் படித்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

டீச்சர் மறுபடி வந்தார். இந்தத் தடவை நான் தயார்.

"தண்ணியா ஒரு டீ வேணும்."

சொல்லிவிட்டு, யாராவது திட்ட வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. டீச்சர் மட்டும் எதையும் மறைக்காமல் சொன்னார். "மூச்சுக்குழாய்ல போனா நிமோனியா வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். நிமிந்து உக்காந்து, தாடையைக் கீழ இறக்கி, சின்னச் சின்ன வாயாக் குடிச்சா ஆபத்து குறையும். இல்லாமப் போகாது. இப்ப நான் சொன்னதை உங்க பாணியில திருப்பிச் சொல்லுங்க."

"பிரேக் கொஞ்சம் வீக்கான வண்டி. ஓட்டலாம். முதல் கியர்லயே போகணும். இறக்கத்துல வீரம் காட்டக் கூடாது. அப்படியும் கவுந்தா டிரைவர்தான் பொறுப்பு."

அப்படியே ஃபைலில் எழுதிக்கொண்டார். இதற்கு முன் என் பேச்சு ஃபைலில் ஏறியது, ஒரு சைக்கிள்காரரை நான் லேசாக உரசிய அன்று.

மார்ச் 9, திங்கள்

மகளுக்கு போனில் சொன்னேன்.

"என்னப்பா, விளையாடறீங்களா? அன்னைக்குத் தண்ணி குடிக்கறப்ப மூச்சு அடைச்சு உங்க முகம் நீலமா மாறிச்சே, அதை நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

எச்சில் விழுங்கினேன். அதுவும் பத்திரமாக.

"அம்மாவோட ரெண்டாவது ஆபரேஷனுக்கு டாக்டர் கேட்டப்ப நீங்க ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? டக்குனு கையெழுத்துப் போட்டீங்க. நல்லதுக்குன்னா யாரையும் கேக்கக் கூடாதுன்னு உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்."

நல்ல மாணவி.

வீட்டில் முடிவெடுப்பது எப்போதும் நான்தான். அவள் அம்மா தலையாட்டுவாள். பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தால் பஸ்ஸில் எல்லோரும் தலையாட்டுகிற மாதிரிதான் தெரியும். ரோடு அப்படி.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பதினோரு நாள் இருந்தாள்.

மார்ச் 10, செவ்வாய்

கெட்டி டீயைத் தொடவில்லை. 'மறுத்தார்' என்று நர்ஸ் குறித்துக்கொண்டார். 'பிடிக்கவில்லை' என்று எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லையாம்.

மார்ச் 13, வெள்ளி

கூட்டம். இந்தத் தடவை நானும் உள்ளே. மீன் என்னைத் தேடியிருக்கும்.

மேலாளர் என்னிடம் உரக்க, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். பக்கவாதம் தொண்டையிலும் இடது காலிலும்தான். காது இன்னும் பணியில் இருக்கிறது. பிறகு மகள் பக்கம் திரும்பி, "அப்பாவுக்கு இதெல்லாம் புரியுதாம்மா?" என்றார்.

டீச்சர் சொன்னார்: "இங்கதான சார் இருக்காரு. அவரையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் காத்திருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் கண்டக்டர் விசில் அடிக்காமல் வண்டியை எடுத்தவனில்லை நான். இன்றைக்கு விசில் என் கையில்தான் இருக்கிறது என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"புரியுது. பயமாவும் இருக்கு. இருந்தாலும் வேணும்."

கையெழுத்துப் போட்டேன். கோழி கிளறின மாதிரி வந்தது. ஆனால் என் கோழி.

"உங்க இஷ்டம்" என்றாள் மகள். அதற்கு என்ன பொருள் என்று கல்யாணமானவர்கள் எல்லோருக்கும் தெரியும். இதை அவள் அம்மாவிடம் கற்றிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல் போனாள். குடையை விட்டுவிட்டாள்.

மற்றவர்கள் கையெழுத்தெல்லாம் வந்துசேர செவ்வாய் ஆகுமாம். எட்டு மாதம் பொறுத்த தொண்டை.

மார்ச் 14, சனி

போன் வரவில்லை. குடை இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

குடை.

மார்ச் 16, திங்கள்

ஒரு டீக்காகப் பெற்ற மகளை அழவைக்கிறவன் என்ன அப்பன்? வேண்டாம் என்று சொல்லிவிடலாமா — காலையிலிருந்து நாலு தடவை டீச்சரைக் கூப்பிட வாயெடுத்தேன். நாலு தடவையும் அந்த மாவு எதிரே வந்து நின்றது.

மார்ச் 17, செவ்வாய்

நாலு மணிக்கு மகள் வந்தாள். "குடையை எடுக்க வந்தேன்." கையில் ஃபிளாஸ்க். குடை எடுக்க ஃபிளாஸ்க் எதற்கு என்று கேட்கிற அளவுக்கு நான் முட்டாளில்லை.

டீச்சர் கட்டில் ஓரமாக நின்றுகொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாடையை இறக்கினேன். முதல் வாய் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது வாயில் இருமல்.

மகளின் கை என் முதுகை நோக்கி வந்தது. பாதி வழியில் நின்றது. திரும்பி மடிக்குப் போய், மற்றக் கையைப் பிடித்துக்கொண்டது. இருமல் அடங்கும் வரை அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"போதுமாப்பா? இன்னொரு வாய் வேணுமா?"

கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"வேணும்."

ஊற்றினாள். குடித்தேன். இத்தனை கூட்டம் போட்டுக் குடிக்கிற அளவுக்கு ஒன்றும் பெரிய டீ இல்லை. தொண்டையில் சூடாக ஓடியது, அவ்வளவுதான்.

"என்னப்பா, பேச்சையே காணோம்?"

"சர்க்கரை கம்மி."

சிரித்துவிட்டாள். இந்தத் தடவை குடையை மறக்கவில்லை.

சொல்லாமல் விட்டது: அன்றைக்கு அந்த ஆபரேஷனுக்கு டாக்டர் வராந்தாவில் வைத்து என்னைக் கேட்டபோது, உள்ளே உன் அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். கதவுகூடத் திறந்துதான் இருந்தது. நான் போய் அவளைக் கேட்கவில்லை.