புன்னைத்தீவு வாரியத்தாரின் பிறந்தகம் விசாரித்த ஓலை

நீர் நிறைக. நிழல் நிறைக. தொட்டில்கள் ஒழியாதிருக்க. கருநீர் ஆற்றின் இரு கரைகளையும் காக்கும் வெண்கோட்டுச் சீமையை உடையவரும், பஞ்ச ஆண்டில் தம் களஞ்சியத்தின் கதவையே கழற்றி வைத்தவரும், இளவரசி செவ்வந்தியையும் தொட்டிலில் உறங்கும் இளங்கோமகனையும் ஈன்றவருமான இளம்பிறை மாதேவியாரின் திருமுன்பு, அறச்சாலைகளைக் கண்காணிக்கும் நல்லமங்கை அடிபணிந்து விடுக்கும் ஓலை. கோட்டைக்கும் கொடிக்கும் நலம் வேண்டுகிறேன். தேவியின் மக்கள் இருவருக்கும் நலம் வேண்டுகிறேன். இருவர் என்று எண்ணித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது பின்னால் வரும்.

தேவி, இவ்வோலையை ஓலைநாயகத்தை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில், யாரேனும் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க, தாங்களே வாசித்தருள வேண்டும். நடுவில் தாளாவிட்டால் சற்றுக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுங்கள். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இளவரசிக்கு உருகுநோய் கண்டு, அரண்மனை வைத்தியர்கள் கையை விரித்து, ஆற்றின் நடுவே புன்னைத்தீவில் இருக்கும் நோயுற்ற மழலையரைப் பேணும் ஆதுலர்சாலை ஒன்றே வழி என்று சொன்ன நாளில், தாங்கள் எனக்கு இட்ட ஆணை நினைவிருக்கும். அங்குள்ள மருந்தைப் பற்றி ஐயமில்லை. ஆனால் அச்சாலையை ஆளும் வாரியத்தார் நால்வரும் யார், எக்குடி, எவ்வூர், அவர்கள் கையில் ஓர் அரசிளங்குழந்தையை ஒப்படைக்கலாமா என்பதை நானே நேரில் விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்றீர்கள். அவ்வாறே விசாரித்தேன். கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

பிள்ளையை அனுப்ப விரும்பும் எவர் கேட்டாலும், வாரியத்தார் தம் பிறந்த ஊரையும் பெற்றோர் பெயரையும் மறைக்காமல் சொல்லியனுப்புவது அங்கே வழக்கம். மூவர் சொல்லியனுப்பினர். நான்காமவரான வாரியத் தலைவி மட்டும், தம் பிறந்தகத்தை நேரில் சொல்வதாகச் செய்தி விடுத்தார். நானும் மூவரின் ஊர்களுக்கே முதலில் பயணப்பட்டேன்.

முதலாமவர் பெயர் ஏறன். உப்பு வணிகர் குடி. அவர் தந்தை இன்னும் இருக்கிறார். உப்புமேட்டின் அருகே உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்த அவரிடம், தங்கள் மகன் ஏறன் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். கிழவர் கயிற்றை விடாமலே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏறனா? அவன் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சே அம்மா. சின்னப் பிள்ளையிலேயே போயிட்டான். வருஷம் தவறாம ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். காக்காதான் இன்னிக்கு வரைக்கும் அவன் சோத்தைத் தொட்டதில்ல."

இரண்டாமவர் சாத்தி, குயவர் குடியில் பிறந்தவர். அவர் தாயாரும் அதையே சொன்னார். மகளுக்குப் பிடித்த கம்பஞ்சோற்றை இலையில் வைத்துவிட்டுக் காத்திருப்பாராம், காக்கைகள் கூரைமேல் வந்து அமருமாம், இறங்குவதில்லையாம். அவர் அழுதுகொண்டே சொல்ல, வேலிக்கு அப்பாலிருந்து அண்டை வீட்டுக்காரி, "உன் சமையலு உன் மகளுக்குச் செத்தும் பிடிக்கலடி" என்று கேலி பேசினாள். அந்தத் தாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாமவரான விடங்கனின் வீட்டாரோ படைத்தலைவர் மரபினர். அவர் சிறுவயதில் அணிந்த வெள்ளித் தண்டை ஒன்றைப் புதைத்து, மேலே கல் நட்டு, மாலையும் சாத்தி வைத்திருக்கிறார்கள். அங்கும் காக்கை சோறெடுக்கவில்லை.

ஆக, சாலையை ஆளும் மூவரும் அவரவர் ஊரில் இறந்தவர்கள். இறந்த குழந்தைகளின் பெயரைத் திருடிக்கொண்டு யாரோ வஞ்சகர்கள் அத்தீவில் அமர்ந்திருக்கிறார்கள் என்றே நான் தீர்மானித்தேன். உயிரோடிருக்கும் பிள்ளைக்கும் நீர் வார்க்கிற வழக்கம் நம் சீமையில் உண்டென்பது எனக்குத் தெரியாததன்று. உருகுநோய் கண்ட பிள்ளை ஆற்றைக் கடந்துவிட்டால், அந்நோய் அடுத்த தொட்டிலைத் தேடி வராதிருக்க, பிள்ளை இறந்ததாகவே எண்ணிக் கருமம் முடித்துவிடுவார்கள். தெரிந்திருந்தும் அது என் புத்தியில் தைக்கவில்லை. நீர் வார்த்தபின் அப்பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்று நம் சீமையில் எவரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை.

இதற்குள் இளவரசிக்கு நோய் ஏறிற்று. காத்திருக்க நேரமில்லை. வஞ்சகர்களை விலங்கிட்டு, வைத்தியர்களை மட்டும் என் காவலில் வைத்துக்கொண்டு மருந்து கொடுக்கச் செய்யலாம் என்று எண்ணி, வீரர் சிலரோடும் இளவரசியோடும் ஆற்றைக் கடந்தேன். கடந்த செய்தியைப் படகோட்டி வழியே தங்களுக்கும் சொல்லியனுப்பினேன். இளவரசியைச் சாலையின் வாசல் மண்டபத்தில் தாதியரோடு இருத்தினேன், உள்ளே ஒப்படைக்கவில்லை.

நான் வாரியத்தின் கூடத்துக்குள் நுழைந்தது ஆடி அமாவாசை நண்பகல். கூரை முழுதும் காக்கைகள். அத்தனை காக்கைகள் ஓரிடத்தில் இருந்து ஒன்றுகூடக் கரையாததை நான் என் ஆயுளில் கண்டதில்லை. அலகைத் திறவாமல், கூடத்தின் உள்ளே பார்த்தபடி வரிசையாக அமர்ந்திருந்தன.

வாரியம் கூடுவதற்கென்று அங்கே தனி மாளிகை இல்லை. பல நோய் கண்ட குழந்தைகள் படுத்திருக்கும் பெரிய கூடத்தின் நடுவே நான்கு மணைகளைப் போட்டு அமர்ந்திருந்தார்கள். ஏறன் பருத்த உடலினர். சாத்தி ஒரு குழந்தைக்குத் தலை வாரிவிட்டபடியே பேசினார். விடங்கனுக்கு ஒரு கால் சூம்பியிருந்தது. தலைவியார் நரைத்த தலையினர். வீரர் கையிலிருந்த விலங்குகளைப் பார்த்தும் நால்வரும் பேச்சை நிறுத்தவில்லை. கீழ்த்திசைச் சுவரில் இன்னொரு சாளரம் திறப்பதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெயில் போதாது என்றார் ஏறன். காற்று அதிகம் வரும் என்றார் விடங்கன். படுத்திருந்த சிறுமி ஒருத்தி, சாளரம் வைத்தால் படகு தெரியும் என்றாள். அதைத் தீர்ப்பாகவே ஏற்றுக்கொண்டதுபோல் நால்வரும் தலையசைத்தார்கள். வஞ்சகர் பேச்சு இப்படி இராதே என்று எனக்கு அப்போதே உறுத்திற்று.

பேச்சின் நடுவே நால்வரும் ஒரே கணத்தில் வாயடைத்தார்கள். உதடுகள் இறுகின. யாரோ வாயில் எதையோ வார்த்தாற்போல், தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, மெல்ல விழுங்கினார்கள். கூடம் எங்கும் நனைந்த எள்ளின் வாசனை எழுந்தது. தேவி, அதை நான் முகர்ந்தேன். என் ஆடையில் அது இன்னும் இருக்கிறது. குழந்தைகள் எவரும் அஞ்சவில்லை. எழ முடிந்தவர்கள் எழுந்து போய் அவர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். இது என்ன என்று அருகில் கிடந்த சிறுமியைக் கேட்டேன். "அவங்களுக்கு ஊர்லேர்ந்து சாப்பாடு வருது" என்றாள், வெகு சாதாரணமாக.

அதன்பின் தலைவியார் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். அந்நால்வரும் அச்சாலைக்கு உருகுநோயோடு வந்து பிழைத்தவர்கள். பிழைத்தபோது அவர்களுக்கு வீடு இல்லை. நீர் வார்க்கப்பட்டவர் திரும்பி வந்தால் பேயென்றே கதவடைப்பார்கள். ஏறன் ஒருமுறை போய் நின்று, தன் தந்தை உள்ளே தாழிடும் ஓசையைக் கேட்டுத் திரும்பினாராம். இறந்தவருக்குச் சொத்தில் பங்கில்லை, சுற்றமில்லை, குலப்பெயர் இல்லை. சாலையை நிறுவிய முதுவைத்தியர் இதைக் கண்டு, இனி இச்சாலையை ஆள்பவர் இவர்களே என்று விதித்துப் போனார். யாருக்கும் உறவில்லாதவர் யாருக்கும் ஓரம் சாயமாட்டார். அந்தப் படுக்கையில் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தவர், அங்கே கிடக்கும் குழந்தையை ஒரு நாளும் மறக்கமாட்டார் என்பது அவர் கருத்து. வாரியத்தில் அமரத் தகுதி ஒன்றே: உயிரோடிருக்கையில் எள்ளும் நீரும் பெற்றிருக்க வேண்டும்.

நான் விலங்குகளை ஆற்றில் எறியச் சொன்னேன். வீரர்களை அக்கரைக்கு அனுப்பினேன். பிறகுதான் தலைவியாரின் பிறந்தகத்தைக் கேட்டேன்.

தேவி, இங்கே மூச்சை ஒருமுறை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். அவர் பெயர் ஆரமுது. தங்கள் தந்தையாரான பெரியகோவின் மூத்த மகள். தாங்கள் மழலையாயிருந்தபோது உருகுநோய் கண்டு இத்தீவுக்கு அனுப்பப்பட்டவர். அன்று தங்கள் தொட்டிலைக் காக்கவே அவருக்குக் கருமம் செய்யப்பட்டது. சற்று வளர்ந்ததும் ஆண்டுதோறும் நீர் வார்க்கும் பொறுப்பைத் தங்கள் சிறு கையில் தந்தையார் ஒப்படைத்தார் என்பதும், அரண்மனை முற்றத்தில் வைக்கும் அச்சோற்றை எந்தக் காக்கையும் இன்றுவரை எடுத்ததில்லை என்பதும் தங்களுக்கே தெரியும். ஏன் எடுக்கவில்லை என்று நிமித்திகர் எதையெதையோ சொன்னார்கள். காரணம் இதுதான்.

அவரிடம் சினம் இருக்கும் என்று எண்ணினேன். இல்லை. அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்:

"தங்கச்சி கை மொதல்ல ரொம்பச் சின்னது. விரலிடுக்குல எள்ளெல்லாம் சிந்திரும். ரெண்டு மூணு மணிதான் எனக்கு வந்து சேரும். அப்புறம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கிட்டே வந்துச்சு. அவ வளர்றதை நான் அப்படித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு வருஷம் கை நடுங்குச்சு. அப்பா போயிட்டாருன்னு புரிஞ்சுது."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசல் மண்டபத்திலிருந்து தாதி ஓடிவந்து அழைத்தாள். இளவரசி செவ்வந்தி தண்ணீர் கேட்டு அழுதுகொண்டிருந்தார். குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்தது. என்னைக் கண்டதும் நாக்கை நீட்டிக் காட்டி,

"வாயில எள்ளு இருக்கு, நல்லமங்கை. துப்பினாலும் போகமாட்டேங்குது" என்றார்.

நாக்கில் ஒன்றும் இல்லை. நான் விரலால் தடவிப் பார்த்தேன். அரண்மனையிலிருந்து நாங்கள் எள்ளுருண்டைகூடக் கொண்டுவரவில்லை. தலைவியார் குனிந்து குழந்தையின் மூச்சை முகர்ந்தார். வெகு நேரம் முகர்ந்தார். பின்பு என் பக்கம் திரும்பாமலே, "இது எனக்குத் தெரிஞ்ச கை" என்றார்.

யாருடைய கை என்று நான் அவரைக் கேட்கவில்லை. இங்கேயும் கேட்கமாட்டேன். தொட்டிலில் இளங்கோமகன் இருக்கிறார், மன்றத்தார் வற்புறுத்தியிருப்பார்கள், தாய்க்கு இரண்டு பக்கமும் நெருப்பு. ஆனால் முற்றத்தில் புதிதாக வைத்த அந்தப் பிடிச்சோறு இன்னும் இலையிலேயே காய்ந்து கிடக்கிறதா என்பதைத் தாங்களே போய்ப் பார்த்தருள வேண்டும். கிடக்குமானால், தங்கள் மகள் உயிரோடிருக்கிறாள் என்பதற்கு அக்காக்கைகளைவிட வேறு சாட்சி எதற்கு?

தாங்கள் இட்ட ஆணைக்கு என் முடிவு இது: இவ்வாரியத்தாரின் கையில் எந்தக் குழந்தையையும் ஒப்படைக்கலாம். ஒப்படைத்தும்விட்டேன். முதல் மருந்து இறங்கிவிட்டது, வேர்வை கண்டிருக்கிறது, வைத்தியர்கள் பிழைப்பார் என்கிறார்கள். உருகுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதன்று என்றும் அவர்கள் உறுதி கூறினார்கள். பிள்ளைகளை மடியில் வைத்துப் பத்தியம் ஊட்டும் தாதியர் எவருக்கும் அது வந்ததில்லையாம். நம் முன்னோர் வார்த்த நீரெல்லாம் வராத ஒன்றைத் தடுக்க வார்த்தது. இளவரசி பிழைப்பது உறுதி. யார் வீட்டுப் பிள்ளையாகப் பிழைக்கிறார் என்பதே இன்னும் முடிவாகவில்லை.

இன்று காலை நான் வாரியக் கூடத்துக்குப் போனபோது, நான்கு மணைகளுக்கு அப்பால் ஐந்தாவதாகச் சிறுமணை ஒன்று சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. குழந்தை அமரும் அளவு. யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கிருக்கும் பிள்ளைக்கு நீர் வார்க்கும் ஒவ்வொரு முறையும் மணை இப்படித்தான் வரும் என்றார் விடங்கன். அதை நடுவில் எடுத்துப் போட்டுக் குழந்தையை ஒருமுறை அமர்த்திவிட்டால், பின்பு அந்தக் குழந்தை வீட்டைக் கேட்பதில்லையாம்.

நீர் வார்த்த கையே வந்து, சாலை வாசலில் ஆற்றுநீரில் அக்கையைக் கழுவி, பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தால், வாயிலிருந்து எள் போய்விடும் என்றொரு பேச்சு இங்கே வழிவழியாக இருக்கிறது. உண்மையா என்று தலைவியாரைக் கேட்டேன். இதுவரை எந்த வீட்டிலிருந்தும் எவரும் வந்ததில்லை, ஆகவே தெரியாது என்றார்.

அடியவள் அரசிக்கு ஆணையிடலாகாது. ஆனால் தமக்கை தங்கைக்கு இடலாம். ஆரமுது தேவியாரின் ஆணையாக எழுதுகிறேன்: பல்லக்கும் பரிவாரமும் வேண்டா, மன்றத்தாரைக் கேட்க வேண்டா, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, இவ்வோலை கொணர்ந்த படகிலேயே புறப்பட்டு வருக. வந்து, முதலில் மகளை அழைக்க. அழைத்த குரல் ஓய்வதற்குள் இன்னொரு பெயரும் நினைவுக்கு வந்தால், அதையும் அழைக்க.

இவ்வோலை நல்லமங்கை எழுத்து. அரக்கு இல்லாமையால் தீவின் களிமண்ணில் முத்திரை வைத்தேன். அந்தச் சிறுமணையை யாரும் நடுவில் எடுத்துப் போடாதபடி, அதன்மேல் நானே அமர்ந்துகொண்டிருக்கிறேன். தாங்கள் வரும்வரை எழமாட்டேன்.