மெசின் வெட்டிய பெயர்

டொரன்டோ

அன்பின் சீதேவிக்கு,

நீரும் பிள்ளைகளும் இறுப்பிட்டியில் சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். இம்மாநகரத்து எச்சில் கோப்பைகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாகிய நானும் சுகமே.

எங்கள் ஆங்கில வகுப்பில் இப்போது கம்பியூட்டர் விளையாட்டும் உண்டு. கடிதம், பேச்சு என்று எது எவ்வளவு இடம் பிடிக்குமென்று பார்த்துக் கம்பியூட்டர்த் தட்டுகளில் ஏற்ற வேண்டும். ஓர் எழுத்துக்கு ஒரு பைற் இடம் கணக்காம். நூறு பக்கக் கடிதம் ஒரு பிளொப்பித் தட்டில் அடங்குகிறது. ஒரு நிமிடப் பேச்சோ இந்திரனுடைய யானை மாதிரி; ஒரு தட்டை முழுதாய் விழுங்கியும் அடங்கவில்லை.

விளையாட முன் பெயர் பதிய வேண்டும். எட்டு ஆங்கில எழுத்துக்குமேல் இடமில்லை. ஆழ்வாப்பிள்ளை 'ஆழ்வாப்பில்' என்று முறிந்தது.

"அண்ணை, உங்களை மெசினாலையும் தாங்கேலாது!" என்று கூடப் படிக்கும் காரைநகர்ச் சிவகுரு சிரித்தான்.

அன்றிலிருந்து வகுப்பில் நான் 'பில்'. ஆங்கிலத்தில் அப்படியென்றால் மருந்துக் குளிசையாம். வேலையிலோ வெறும் 'ஏய்'. என் முழுப் பெயரைக் கூப்பிட இந்தக் கண்டத்தில் ஒரு காகம்கூட இல்லை.

நீரும் கூப்பிட்டதில்லை, 'இஞ்சாருங்கோ'தான். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பீர். குறையட்டும். கோப்பை கழுவுகிற ஆயுளை நீட்டி என்ன செய்ய? ஒரு கசெற்றில் என் பெயரை ஒருமுறை முழுதாகச் சொல்லி அனுப்பும். வெட்கமென்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு சொல்லும்.

வேலைக்கு நேரமாகிறது.

உம்முடைய
ஆழ்வாப்பிள்ளை