இறங்காத எண்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருக்கிறோம், நீ நலமாக இரு. போனில் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் குடலில் இருக்கும் புற்றுக்கட்டியை ஏப்ரல் பத்தாம் தேதி எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒன்று பார்த்தார்கள். உடம்புக்குள் அழற்சி இருந்தால் அந்த எண் ஏறுமாம். அப்பாவுக்கு நிறைய ஏறியிருக்கிறது. புரதமும் குறைவு. இப்படியே கத்தி வைத்தால் தையல் ஆறாமல் போகலாம், நோயும் சீக்கிரம் திரும்பலாம், அழற்சிக்குச் சொத்தைப் பல்லும் காரணமாக இருக்கலாம், அதைப் பிடுங்கிவிட்டு, நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றி வாருங்கள் என்றார்.

"டயரா இருந்தா வால்வை அமுக்கி இறக்கிடுவேன். ரத்தத்துக்கு எங்கடி வால்வு?" என்று அப்பா வழியெல்லாம் சிரித்தார்.

பங்க்சர் கடையை இப்போது நான்தான் திறக்கிறேன். யார் வந்தாலும் தலையை மட்டும் ஆட்டுகிறேன். "நம்ம வாயாடி இருக்கிற வரைக்கும் கடையில சத்தத்துக்குக் குறைவில்ல" என்று அப்பா எல்லோரிடமும் சொல்கிறார்.

உன்,
வாயாடி

மார்ச் 15

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே ஓட்டல் சலவைப் பிரிவில் என் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஆபரேஷன் தேதியைக் காட்டிப் பத்து நாள் லீவு வாங்கிவிட்டேன். இது தவறினால் இந்த வருடம் கிடையாது. "அந்த நம்பர் இறங்கியே ஆகணும்ப்பா" என்று போனில் சொன்னேன். "இறக்கிக் காட்டறேன் பாரு" என்றார். தேதி தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள். அம்மா போனபோதும் என்னால் வர முடியவில்லை.

அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

தேதி தள்ளிப்போய்விட்டது. நான்தான் காரணம்.

நீ போன் செய்த நாளிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைக் கடைக்குப் பின்னால் நாய்க்குக் கொட்டிவிட்டு வெறும் தட்டைக் காட்டியிருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்தேன். "பட்டினி கெடந்தா சர்க்கரை இறங்குதுல்ல? இதுவும் இறங்கும். பெரியவ வரா. நீ வாயைத் திறக்காதே" என்றார். டாக்டர் சொன்னது நேர்மாறு என்றேன். கேட்கவில்லை.

நேற்று எடை பார்த்துவிட்டு, "நல்லா சாப்பிடறீங்களா?" என்றார் டாக்டர். "மூணு வேளையும்" என்றார் அப்பா. "பொய் சார். அப்பா சாப்பிடறதே இல்ல" என்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எண் இன்னும் ஏறியிருந்தது. இந்த உடம்பில் இப்போது கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா என்னுடன் பேசுவதில்லை.

தங்கை

ஏப்ரல் 9

உன் கடிதம் வருவதற்குள் அப்பாவே போனில் சொல்லிவிட்டார். லீவு போய்விட்டது. பிறந்ததிலிருந்து வாய் திறக்காதவள், அன்றைக்குத்தான் திறக்க வேண்டுமா? இனி எனக்கு எழுதாதே.

மே 20

அக்கா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

அப்பா கோபத்தோடேயே சாப்பிட்டார், சுவரைப் பார்த்து உட்கார்ந்து. பல்லைப் பிடுங்கியாயிற்று. எடை ஏறியது. எண் மட்டும் இறங்கவில்லை. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். நோய் ஈரலுக்குப் போய்விட்டதாம். இனி ஆபரேஷன் இல்லை. "அன்னைக்கே திறந்திருந்தாலும் அப்படியே மூடித்தான் அனுப்பியிருப்போம்மா, புண்ணும் ஆறியிருக்காது" என்றார் டாக்டர். உண்மையாகச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை. நீ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

நேற்று அப்பா கடைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் ஒரு வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். "வாயாடி, எவ்வளவு ஏறியிருக்கு? சத்தமா சொல்லு" என்றார். முப்பது என்று கத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன்.

மேனேஜரிடம் காட்ட இனி எங்களிடம் தேதி எதுவும் இல்லை அக்கா. ஆனாலும் வா. வருவதற்கு முன்னால் போன் செய். நான்தான் எடுப்பேன். பேசுவேன்.

வாயாடி