பைக்கில் அஞ்சு நிமிஷம்

பாப்பாவோட அப்பாவுக்கு,

நான் நல்லாயிருக்கேன். உங்க முதுகுவலி தேவலையா?

என் வேலைக்காக நீங்களும் பாப்பாவும் மாநிலம் விட்டு மாநிலம் வர்றதுக்குள்ள வீடு பிடிக்கணும். ஆனா இந்தப் புரோக்கரோட மல்லுக்கட்ட முடியலைங்க. எந்த வீட்டைக் காட்டினாலும், பைக்கை விட்டு இறங்காமலே, "ஸ்கூலுக்கு நடந்தா அஞ்சே நிமிஷம் மேடம்"ங்கிறார். நேத்து பாப்பா வேகத்துல நானே நடந்து பார்த்தேன். இருபத்தெட்டு நிமிஷம்! நடைபாதை முழுக்கக் கார்தான் நிக்குது. ரோட்டைக் கடக்கும்போது பழக்கத்துல, பாப்பா பிடிச்சுக்கட்டும்னு பக்கவாட்டுல கையை நீட்டிட்டேன். "யாரைம்மா கூப்பிடுறீங்க?"ன்னு ஸ்கூல் வாட்ச்மேன் கேட்டார். சிரிச்சு மழுப்பிட்டேன்.

கீழே புரோக்கர் ஹாரன் அடிக்கிறார். இன்னிக்கு அவரையும் நடக்க வைக்காம விடமாட்டேன்.

பாப்பா தூக்கச் சொல்லாம எவ்வளவு தூரம் நடக்கிறான்னு உடனே எழுதுங்க. நான் கிளம்பினப்போ தெருமுனையோட நின்னுடுவா. இப்போ எனக்குத் தெரியலைங்க.