கடைக்காரன் வாய்

தாம்பரம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் இரமுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் அம்மாவும் உன் மகன் ஜைதும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். தினமும் வீடியோ காலில் பார்க்கிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை அம்மா.

போன மாதம் ஜைதுக்கு ஒன்றரை வயது ஊசி போடக் கூட்டிப்போனேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, டாட்டா காட்டுகிறானா என்று நர்ஸம்மா கேட்டார். பக்கத்து நாற்காலியில் நம் எதிர்க்கடை கேசவன், மடியில் பேரன். அந்தப் பொடியன் சுவரிலிருந்த படத்தையெல்லாம் காட்டிக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். நம் ஹார்டுவேர் கடைப் பழக்கம் உனக்குத் தெரியும், கேட்ட சரக்கு இல்லாவிட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டோம், இருக்கு என்று உட்காரவைத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கிவந்து கொடுப்போம். அந்த வாய் அங்கேயும் முந்திக்கொண்டது. திரும்புறான், காட்டுறான், எல்லாம் பண்றான் என்று அளந்துவிட்டு வந்தேன். வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னதும், இன்னாங்க, புள்ள இன்னா கடை சரக்கா, இல்லாதத பக்கத்துக் கடைல வாங்கியாந்து குடுக்க, என்று உன் அம்மா கேட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லை, ஒரு பேச்சும் வரவில்லை என்று அவள் ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள், ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று நான்தான் அவள் வாயை அடைத்துவந்தேன். விசா சரியாகும்வரை என்னை நம்பி நீ விட்டுப்போன பிள்ளை.

நேற்று இருவரும் திரும்பப் போய் உள்ளதைச் சொன்னோம். டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது, முதலில் காது கேட்கிறதா பார்ப்போம், அப்புறம் மற்றதைப் பார்ப்போம், சீக்கிரம் தெரிந்தால் பிள்ளைக்குத்தான் நல்லது என்றார். வியாழக்கிழமை காது பார்க்கப் போகிறோம். நீ பயப்படாதே, நன்றாகச் சாப்பிடுகிறான், ஃபேன் சுற்றினால் வாய் நிறையச் சிரிக்கிறான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் அம்மா என்கிறானா என்று நீ கேட்கும்போதெல்லாம், போனைக் கண்டாலே சொல்கிறான் என்றேனே, அதுவும் பொய். இன்னும் சொல்லவில்லை. அத்தாவை மன்னித்துவிடு.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத் செய்வானாக. வேளைக்குச் சாப்பிடு. மறந்துவிடாதே, லீவில் நீ வரும்போது ஏர்போர்ட்டில் அவன் உன்னிடம் ஓடி வராவிட்டால் மனம் உடையாதே. நீயே போய், குனிந்து, அவன் முகத்துக்கு நேரே உட்கார்.

உன் அத்தா
கிபாயத்துல்லா