ஸ்டியரிங் எந்தப் பக்கம்?

காரைக்கால்,
ஜனவரி 1981

அன்புள்ள ரோசலி,

உன் அப்பா சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த எம்.ஜி. காருக்கு நம் வீட்டு ஷெட்டிலேயே உயிர் வந்துவிட்டது. உப்புக்காற்று தின்ற தகரத்தையெல்லாம் மாற்றிவிட்டோம். நேற்று எஞ்சின் உறுமியதில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சுவரேறிவிட்டன.

ஸ்டியரிங்தான் பாக்கி. துருவெடுக்கக் கழற்றியது. மெக்கானிக் கபீர் சொல்கிறார்: "இந்த வண்டியில ரெண்டு பக்கமும் மாட்ட வழி விட்டிருக்காங்கண்ணே. நம்ம ஊருன்னா வலது பக்கம், பிரான்சுன்னா இடது பக்கம். எங்க ஓட்டப்போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

இதற்கு நான் என்ன சொல்வேன்? முதலில் வலது என்றேன். அன்று மாலையே உன் கடிதம் வந்தது. அக்கா பிரசவத்துக்கு உதவப் பிரான்சுக்குப் போனவள், அங்கே கார் ஓட்டும் பரீட்சையில் தேறியிருக்கிறாய். சந்தோஷம்தான். மறுநாள் இடது என்றேன். அப்புறம்தான், நம் முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்துவிட்டதா என்று கடைசி வரியில் நீ கேட்டிருந்தது உறைத்தது. திரும்பி வர நினைக்காதவள் அதை ஏன் கேட்க வேண்டும்? "கொஞ்சம் பொறுங்க கபீர்" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா குழந்தைக்கு இதற்குள் பல் முளைத்திருக்குமே.

நீ வேறெதுவும் விளக்க வேண்டாம். எந்தப் பக்கம் என்று மட்டும் எழுது.

இருக்கை இரண்டையும் மாட்டியாயிற்று. ஒன்றில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இது ஓட்டுகிறவர் இடமா, பக்கத்தில் உட்காருகிறவர் இடமா என்றுதான் தெரியவில்லை.

இன்னும் ஷெட்டிலேயே இருக்கும்,
உன் கணவன்