கூரைக்குப் போகாத பல்

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

இங்கே நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? பாச்சலூரில் மழை விட்டதா? புனேயின் குழாய்த் தண்ணீர் எனக்கு இன்னும் பழகவில்லை.

போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நம் மலையில் அந்தக் காலத்தில் செத்தவர்களுக்குப் பலகைக்கல் நிறுத்திக் கட்டிய கற்திட்டை ஒன்றிலிருந்து ஒரு பெண்ணின் பல் வந்தது. இரண்டாயிரம் வருஷத்துப் பல். அது என் கை தவறி விழ, மூக்குத்தித் திருகாணியைத் தேடுவது போல எல்லோரும் தரையில் தவழ்ந்தோம். பயப்படாதே, கிடைத்துவிட்டது. பல் உருவாகும் காலத்தில் குடித்த தண்ணீரின் தடம் அதில் அழியாமல் இருக்குமாம். சுரண்டிய பொடியைச் சோதித்ததில், அவள் பிறந்து வளர்ந்தது அடிவாரத்தில் என்று தெரிந்தது. அய்யம்பாளையத்திலிருந்து வந்த உன்னைப் போல அவளும் மலையேறி வந்தவள்தான். அன்று முழுக்க அவள் இடுப்பில் குடத்தோடு எனக்கு முன்னால் ஏறிக்கொண்டே இருந்தாள். "இன்னும் எம்புட்டுத் தூரங்க?" என்று உன் குரலில் கேட்டாள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது, கடைசியாக ஒன்று. நம் வெண்மதிக்கு முன்பல் ஆடுகிறது என்றாயே, விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்துவிடாதே. பஞ்சில் சுற்றி எனக்கு அனுப்பு. ஆய்வுக்கு இல்லை. அவள் உன் வயிற்றில் இருந்தபோது உருவான பல் அது. அந்த மாதங்களில் ஊற்றிலிருந்து உனக்குத் தண்ணீர் சுமந்தது நான்தான்.

உன்
நாச்சிமுத்து